தானியங்கிக் காருக்கு எந்த எண்ணெய்?

 

கிளட்ச் மிதி இல்லாத கார்களைத் தானியங்கிக் கார் என்கிறோம். 'ஆட்டோ காடி' என்று பேச்சு வழக்கில் சொல்கிறோம். அந்தக் காரின் கியர்ப் பெட்டிக்குள் ஊற்றும் எண்ணெயைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். "எண்ணெயைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? அது பொமன் வேலை அல்லவா?" என்று சிலர் கேட்கலாம். ஊற்றுவது பொமன் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் எந்த எண்ணெயை ஊற்ற வேண்டும் என்று தெரிந்து வைத்துக்கொள்வது காருக்குச் சொந்தக்காரராகிய நம்முடைய வேலை. மாற்று எண்ணெய் உள்ளே போனால் கெடுவது நம்முடைய கார். கையை விட்டுப் போவது நாம் வியர்வை சிந்திச் சேர்த்த பணம்.

ஒரு காலத்தில் தோட்டத்தில் கார் என்றால் அது துரை வீட்டுக் கார்தான். நமக்குச் சைக்கிளும், தோட்டத்து லாரியும், பட்டணத்துப் பஸ்ஸும் இருந்தன. இன்று லயத்து வாசலிலும் தாமான் வீட்டு வாசலிலும் ஒரு கஞ்சில், ஒரு வீரா, ஒரு சாகா, ஒரு மைவி நிற்பதைப் பார்க்கிறோம். பெரும்பாலும் பிறர் ஓட்டிய பழைய கார்கள். மாதத் தவணை கட்டி வாங்கியவை. காலும் கையும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டியதில்லை என்பதால், பெண்பிள்ளைகளும் வயதானவர்களும் தானியங்கிக் காரையே விரும்புகிறார்கள். அந்த வகைக் காரை மட்டும் ஓட்டுவதற்கென்று நம் நாட்டில் டி.ஏ. வகை உரிமமும் இருக்கிறது. ஆகவே இது நம் வீட்டு விஷயமாகிவிட்டது.

இந்தக் கார்களைப் பற்றி நம்மிடையே ஒரு பேச்சு உலவுகிறது. "ஆட்டோ எண்ணெய் எல்லாம் ஒன்றுதான், சிவப்பாக இருந்தால் போதும்" என்பதே அது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பாதே என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். தோட்டத்தில் வளர்ந்த நமக்கு அந்தச் சொல்லின் பொருள் இரண்டு மடங்கு புரியும். பசுவின் பாலும் பால்தான். பால்மரத்துப் பாலும் பால்தான். ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைத் தேநீரில் ஊற்ற முடியுமா? சிவந்ததெல்லாம் உங்கள் காருக்கு ஏற்ற எண்ணெய் ஆகிவிடாது. சிவப்பு என்பது கலக்கப்பட்ட சாயம், அவ்வளவுதான். இஞ்சின் எண்ணெயோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்கவும், தரையில் ஒழுகினால் அடையாளம் தெரியவும் அந்தச் சாயத்தைச் சேர்க்கிறார்கள். அதைக் கொண்டு எண்ணெயின் குணத்தைச் சொல்ல முடியாது. சில நிறுவனங்களின் எண்ணெய் சிவப்பாகவே இருக்காது.

அப்படியானால் எண்ணெய்க்கு எண்ணெய் என்னதான் வேறுபாடு? அதைப் புரிந்துகொள்ள, கியர்ப் பெட்டிக்குள் சற்று எட்டிப் பார்ப்போம்.

கிளட்ச் உள்ள காரில், இஞ்சினையும் சக்கரங்களையும் இணைப்பதும் பிரிப்பதும் நம் இடது காலின் வேலை. தானியங்கிக் காரில் அந்த வேலையை எண்ணெய் செய்கிறது. வீட்டில் இரண்டு மேசை விசிறிகள் இருந்தால் அவற்றை எதிரெதிரே வைத்துப் பாருங்கள். ஒன்றுக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். அதன் காற்றுப் பட்டு, மின்சாரம் இல்லாத விசிறியும் மெல்லச் சுழலத் தொடங்கும். தானியங்கிக் காரிலும் இதே வேலைதான் நடக்கிறது. இஞ்சினோடு இணைந்த ஒரு விசிறி. கியர்ப் பெட்டியோடு இணைந்த மற்றொரு விசிறி. நடுவில் காற்றுக்குப் பதிலாக எண்ணெய். பட்டறையில் 'டார்க் கன்வர்ட்டர்' என்று சொல்வது இதைத்தான்.

அந்த எண்ணெய் அங்கேயே நின்றுவிடுவதில்லை. ஒரு பம்பு அதை அழுத்தத்தோடு குறுகிய வாய்க்கால்கள் வழியாக அனுப்புகிறது. தோட்டத்து நாற்றுமேட்டில் மடை திறந்து நீரை ஒவ்வொரு பாத்திக்கும் திருப்பி விடுகிறோம் அல்லவா? அதுபோல உள்ளே இருக்கும் சிறு சிறு அடைப்பான்கள் எண்ணெயை வேண்டிய இடத்துக்குத் திருப்புகின்றன. எண்ணெயின் அழுத்தம் பட்டதும், அடுக்கி வைத்த வட்டத் தட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பிடிக்கின்றன. அப்போதுதான் ஒரு கியர் விழுகிறது. அந்தத் தட்டுகளின் மேல் காகிதத்தைப் போன்ற நார்ப்பொருள் ஒட்டப்பட்டிருக்கிறது. எண்ணெயில் ஊறியபடியே அவை வேலை செய்கின்றன.

ஆக, இந்த ஒரே எண்ணெய் ஐந்து வேலைகளைச் செய்கிறது. இஞ்சினின் விசையைக் கடத்துகிறது. அழுத்தத்தால் கியரை மாற்றுகிறது. பற்சக்கரங்கள் தேயாமல் காக்கிறது. சூட்டை வெளியே கொண்டுபோகிறது. ஐந்தாவது வேலைதான் மிக முக்கியமானது. தட்டுகள் ஒன்றையொன்று பிடிக்கும்போது எவ்வளவு வழுக்க வேண்டும், எப்போது இறுகப் பற்ற வேண்டும் என்பதை எண்ணெய்தான் தீர்மானிக்கிறது. ஒரேயடியாகப் பற்றினால் கார் வெட்டி இழுக்கும். நெடுநேரம் வழுக்கினால் தட்டு கருகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு ஒவ்வொரு நிறுவனத்தின் கியர்ப் பெட்டிக்கும் வெவ்வேறு.

பால்மரம் சீவியவர்களுக்கு இதை விளக்கச் சிரமமில்லை. வாளியில் இருப்பது ஒரே பால்தான். அதில் அமோனியாவைச் சேர்த்தால் உறையாமல் நீராகவே இருக்கிறது. பார்மிக் ஆசிட்டைச் சேர்த்தால் கட்டியாகிவிடுகிறது. பார்வைக்கு ஒன்று போலிருந்தாலும் சேர்த்த மருந்து வேறு. அது நடந்துகொள்ளும் விதமும் வேறு. கியர் எண்ணெயும் அப்படியே. அடிப்படை எண்ணெய் ஏறக்குறைய ஒன்றாக இருக்கலாம். அதில் கலக்கும் மருந்துகளும் எண்ணெயின் கெட்டித்தன்மையும்தான் பெயருக்குப் பெயர் மாறுகின்றன. எனவே இந்த எண்ணெயைக் கியர்ப் பெட்டியின் ஓர் உறுப்பு என்றே நாம் நினைக்க வேண்டும். உறுப்பு மாற்றும்போது அளவு பார்த்து வாங்குகிறோம் அல்லவா? எண்ணெயையும் அப்படித்தான் பார்த்து வாங்க வேண்டும்.

இத்தனை பெயர்கள் எப்படி வந்தன என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் 'ஹைட்ரா-மாட்டிக்' என்ற தானியங்கிக் கியர்ப் பெட்டியைப் பொருத்தி விற்றது. 1949இல் அதற்கென்று 'ஏ வகை' என்ற எண்ணெய்த் தரத்தை வகுத்தது. பிறகு 1960களில் போர்டு நிறுவனம் தன் கியர்ப் பெட்டிக்கு வேகமாகப் பற்றும் 'எப் வகை' எண்ணெயைக் கேட்டது. ஜெனரல் மோட்டார்சோ மென்மையாகப் பற்றும் எண்ணெயை விரும்பி, 1967இல் 'டெக்ஸ்ரான்' என்ற பெயரைக் கொண்டுவந்தது. இரண்டும் சிவப்புத்தான். இருந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று ஒத்துவரவில்லை.

அந்தக் காலத்து எண்ணெயில் வழுவழுப்புக்காகத் திமிங்கலத்தின் எண்ணெயையும் சேர்த்தார்கள் என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். அழிந்துவரும் உயிரினத்தைக் காப்பதற்காக 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடை செய்தது. அதற்குப் பதிலாக வேறு மருந்துகளைச் சேர்த்து 'டெக்ஸ்ரான் 2' வந்தது. முதலில் வந்த அந்தக் கலவை, எண்ணெயைக் குளிரவைக்கும் குழாய்களின் பற்றாசை அரித்துவிட்டது. மறுபடியும் திருத்தினார்கள். எண்ணெயில் ஒரு சிறு மருந்து மாறினாலும் கியர்ப் பெட்டி அதை உணரும் என்பதற்கு இது நல்ல சான்று.

பின்னர் ஜப்பானிய நிறுவனங்கள் தத்தம் கியர்ப் பெட்டிக்கென்று தனித் தரங்களை வகுத்துக்கொண்டன. டொயோட்டாவுக்கு டி-4 என்றும் டபிள்யூ.எஸ். என்றும், ஹோண்டாவுக்கு இசட்-1 என்றும் பிறகு டி.டபிள்யூ-1 என்றும், மிட்சுபிஷிக்கு எஸ்.பி-3 என்றும் பெயர்கள் வந்தன. எண்களில் சில, புட்டியின் மேல் ரோமன் எழுத்தில் இருக்கும். பிள்ளைகளிடம் காட்டினால் படித்துச் சொல்வார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிதாக வந்த எண்ணெய் பழைய எண்ணெயின் இடத்தில் எப்போதும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. ஹோண்டாவின் டி.டபிள்யூ-1, பழைய இசட்-1 இருந்த இடத்தில் ஊற்றுவதற்கென்றே வந்தது. 2005இல் வந்த டெக்ஸ்ரான் 6, அதற்கு முந்திய டெக்ஸ்ரான் 3-இன் இடத்தில் ஊற்றுவதற்காக வந்தது. ஆனால் டொயோட்டாவின் டபிள்யூ.எஸ்., டி-4 எண்ணெயைவிட நீர்த்தது. டி-4 கேட்கும் காரில் டபிள்யூ.எஸ். ஊற்றக் கூடாது; டபிள்யூ.எஸ். கேட்கும் காரில் டி-4 ஊற்றக் கூடாது. ஒரே நிறுவனத்தின் எண்ணெய்களிலேயே இந்த நிலை என்றால், வெவ்வேறு நிறுவனங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இனி நம் நாட்டுக் கார்களுக்கு வருவோம். இங்கே இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. காரின் பெயர் ஒன்றாக இருக்கும். உள்ளே இருக்கும் கியர்ப் பெட்டி வேறாக இருக்கும்.

தானியங்கிக் கியர்ப் பெட்டிகளில் இப்போது நாம் அதிகமாகக் காண்பவை இரண்டு வகை. ஒன்று, மேலே சொன்ன தட்டுகளும் பற்சக்கரங்களும் கொண்டது. மற்றொன்று சி.வி.டி. என்பது. இதில் படிப்படியான கியர்கள் கிடையாது. இரண்டு கப்பிகளுக்கு நடுவில் எஃகுப் பட்டை ஒன்று ஓடுகிறது. கப்பிகள் அகன்றும் குறுகியும் வேகத்தை மாற்றுகின்றன. எஃகின் மேல் எஃகு வழுக்காமல் பற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் தேயவும் கூடாது. அதற்கென்று தனி எண்ணெய் இருக்கிறது, அதைச் சி.வி.டி.எப். என்பார்கள். மற்ற வகைக்கு உரியது ஏ.டி.எப். சி.வி.டி. பெட்டிக்குள் ஏ.டி.எப். எண்ணெயை ஊற்றினால் பட்டை வழுக்கிக் கப்பியைக் கீறிவிடும். அந்தக் கீறலைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது.

பெரோடுவா மைவியை எடுத்துக்கொள்வோம். 2005இல் முதல் மைவி வந்ததிலிருந்து, தானியங்கி என்றால் நான்கு கியர் கொண்ட பெட்டிதான். 2017இல் வந்த மூன்றாம் தலைமுறை மைவியும் அப்படியே வந்தது. 2021ஆம் ஆண்டு நவம்பரில் அதே மைவியைத் திருத்தி வெளியிட்டபோது சி.வி.டி. பெட்டி வைத்தார்கள். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி போலிருக்கும். ஆனால் அண்ணனுக்கு ஊற்றுவதைத் தம்பிக்கு ஊற்ற முடியாது.

புரோட்டோன் சாகாவின் கதை இதற்கு நேர் எதிர். 2016இல் வந்த சாகாவில் சி.வி.டி. இருந்தது. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் திருத்தி வெளியிட்ட சாகாவில் நான்கு கியர் கொண்ட பெட்டி வந்தது. ஹோண்டா சிட்டியோ இங்கும் அங்கும் போய் வந்திருக்கிறது. 2003இல் வந்ததில் சி.வி.டி.; 2008இல் வந்ததில் ஐந்து கியர்; 2014இல் வந்ததில் மறுபடியும் சி.வி.டி. இந்த இரண்டு சி.வி.டி.களும்கூட அமைப்பில் ஒன்றல்ல. ஆகையால் "என் கார் சாகா, என் கார் மைவி" என்று மட்டும் கடையில் சொன்னால் போதாது. எந்த ஆண்டு, எந்தக் கியர்ப் பெட்டி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, நம் காருக்கு உரிய எண்ணெயின் பெயரை எங்கே தேடுவது? முதலாவது இடம், காரோடு வரும் கையேடு. அது பெரும்பாலும் காரின் முன்பெட்டியில் கிடக்கும். பின்பக்கங்களில் அளவு விவரங்கள் உள்ள பகுதியில் கியர்ப் பெட்டி எண்ணெயின் பெயரையும் எத்தனை லிட்டர் என்பதையும் அச்சிட்டிருப்பார்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். நமக்குப் படிக்கத் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். பள்ளிக்குப் போகும் மகனையோ மகளையோ கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பிள்ளை படித்த படிப்பு வீட்டுக்குப் பயன்படும் இடங்களில் இதுவும் ஒன்று.

இரண்டாவது இடம், கியர் எண்ணெயை அளந்து பார்க்கும் குச்சி. சில கார்களில் அந்தக் குச்சியின் மேலேயே எண்ணெயின் பெயரைப் பொறித்திருப்பார்கள். இஞ்சின் எண்ணெய்க் குச்சி வேறு. கியர் எண்ணெய்க் குச்சி வேறு. மாற்றி எடுத்துவிட வேண்டாம். மூன்றாவது இடம், அந்த நிறுவனத்தின் சேவை நிலையம். பழைய கார் வாங்குகிறவர்களுக்குக் கையேடு கிடைக்காமல் போகலாம். அப்போது காரின் சட்ட எண்ணைக் குறித்துக்கொண்டு போய்ச் சேவை நிலையத்தில் கேளுங்கள். அந்த எண்ணை வைத்து, எந்தக் கியர்ப் பெட்டி, எந்த எண்ணெய் என்று சொல்லிவிடுவார்கள்.

பெயர் கிடைத்த பின், புட்டியைப் படிக்க வேண்டும். முன்பக்கத்தில் உள்ள வண்ணப்படத்தைப் பார்க்காதீர்கள். பின்பக்கத்து எழுத்தைப் பாருங்கள். பல நிறுவனக் கார்களுக்குப் பொதுவானது என்று விற்கப்படும் எண்ணெய்களும் உண்டு. அவற்றில் நல்லவையும் இருக்கின்றன. ஆனால் உங்கள் கார் கேட்கும் பெயர் அந்தப் பட்டியலில் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பார்த்த பிறகே வாங்க வேண்டும். "எல்லாக் காருக்கும் ஏற்றது" என்று மட்டும் எழுதியிருந்தால் அதை நம்பி ஊற்றக் கூடாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். டெக்ஸ்ரான் 3 என்ற பெயருக்கு உரிமம் கொடுப்பதை ஜெனரல் மோட்டார்ஸ் 2006 இறுதியோடு நிறுத்திவிட்டது. ஆகவே இன்று புட்டியில் அந்தப் பெயர் இருந்தால், அது எண்ணெய் தயாரித்தவர் தாமே சொல்லிக்கொள்வது. பெயர் பெற்ற தயாரிப்பாளரா என்று பார்த்து வாங்குவது நல்லது.

தவறான எண்ணெய் போனால் என்ன ஆகும்? கார் அங்கேயே நின்றுவிடாது. நின்றுவிட்டால்கூட நமக்கு உடனே புரிந்துவிடும். பல வாரங்களுக்கும் மாதங்களுக்கும் கார் ஓடும். பிறகு ஒரு நாள் மெதுவாக ஏறும்போது, செம்மண் சாலையின் வரிகளின்மேல் ஓடுவதுபோல் நடுங்கும். கியரைப் போட்டதும் கார் நகராமல் சற்று நேரம் யோசிக்கும். எண்ணெயை மிதித்தால் இஞ்சின் சத்தம் மட்டும் ஏறும், வேகம் ஏறாது. செம்பனைக் குலை ஏற்றிய லாரியைத் தாண்டிப் போகும் நேரத்தில் இப்படி நடந்தால் உயிருக்கே ஆபத்து.

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். கணவனும் மனைவியும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். பாட்டிக்குச் சிறுநீரக நோய். வாரத்துக்கு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் பட்டணத்துக்குப் போக வேண்டும். மூத்த மகள்தான் காரை ஓட்டுகிறாள். எண்ணெய் குறைந்திருக்கிறது என்று யாரோ ஒருவர், கையில் கிடைத்த சிவப்பு எண்ணெயை ஊற்றிவிடுகிறார். லிட்டருக்குப் பத்து இருபது வெள்ளி மிச்சம். நாலைந்து மாதம் கழித்துக் கியர்ப் பெட்டி வழுக்கத் தொடங்குகிறது. பழுதுபார்க்கப் பல ஆயிரம் வெள்ளி கேட்கிறார்கள். தவணையோ இன்னும் முடியவில்லை. காரணம் என்னவென்று கேட்டால், "பழைய கார், அப்படித்தான் இருக்கும்" என்ற பதில்தான் வருகிறது. ஊற்றிய எண்ணெயின் பெயர் யாருக்கும் நினைவில்லை. கார் படுத்துவிட்டால் பாட்டியை யார் அழைத்துப் போவது? பத்து வெள்ளி எண்ணெயில் இவ்வளவு அடங்கியிருக்கிறது, நேயர்களே!

இதைத் தடுக்கப் பெரிய செலவு தேவையில்லை. ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் போதும். குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட விவரத்தைக் கிளினிக் அட்டையில் குறித்து வைக்கிறோம் அல்லவா? அதுபோலக் காருக்கும் ஒரு நோட்டு வையுங்கள். முதல் பக்கத்தில் காரின் ஆண்டு, சட்ட எண், கியர்ப் பெட்டியின் வகை, எண்ணெயின் பெயர், அளவு ஆகியவற்றை ஆங்கில எழுத்திலேயே எழுதி வையுங்கள். அடுத்த பக்கங்களில் எண்ணெய் மாற்றிய தேதி, ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய எண்ணெயின் பெயர் ஆகியவற்றைக் குறியுங்கள். ரசீதையும் அதோடு ஒட்டிவிடுங்கள்.

பட்டறைக்குப் போகும்போது அந்த நோட்டைக் காட்டுங்கள். பொமன் தமிழராக இருந்தாலும், சீனராக இருந்தாலும், மலாய்க்காரராக இருந்தாலும் அந்தப் பெயர் எல்லாருக்கும் ஒரே பெயர்தான். மொழி தெரியவில்லையே என்ற தயக்கம் வேண்டாம். "எல்லாம் ஒண்ணுதான் அக்கா, கவலைப்படாதீங்க" என்று அவர் சொன்னால் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. "அண்ணே, புத்தகத்தில இந்தப் பேர்தான் போட்டிருக்கு. இதே எண்ணெய் இருந்தா ஊத்துங்க, இல்லேன்னா நாங்க வாங்கிட்டு வர்றோம்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். நல்ல பொமன் இதைக் கேட்டு மகிழ்வார், கோபப்பட மாட்டார். மூடி திறக்காத புட்டியை உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள். பெயர் எழுதாத தோம்பிலிருந்து எடுத்து ஊற்றுவதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எண்ணெய் குறைந்திருப்பதாகச் சொன்னால், ஊற்றுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கே போனது?" இஞ்சின் எண்ணெய் சிறிது எரிந்து குறையலாம். கியர்ப் பெட்டி எண்ணெய் அப்படி எரிவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். ஒழுக்கை அடைக்காமல் எண்ணெயை மட்டும் ஊற்றுவது ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிப்பதுபோல.

எண்ணெயைப் பார்க்கும் முறையும் காருக்குக் கார் மாறும். சில கார்களில் இஞ்சின் ஓடும்போது பார்க்க வேண்டும். சிலவற்றில் நிறுத்திய உடனே பார்க்க வேண்டும். பல புதிய கார்களில் குச்சியே இருக்காது. பட்டறையில் குறிப்பிட்ட சூட்டில் அடிப்பக்கத்து மூடியைத் திறந்துதான் பார்ப்பார்கள். கையேடு சொல்லும் முறையைப் பின்பற்றுங்கள். குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு. கூடினால் நுரைத்து அழுத்தம் போய்விடும்.

குச்சி உள்ள கார்களில், வெள்ளைத் துணியில் ஒரு துளி தொட்டுப் பாருங்கள். சிவப்புச் சாயமிட்ட எண்ணெய் புதிதாக இருக்கும்போது ரோஸ் சிரப் போலத் தெளிவாக இருக்கும். நாளாக ஆகப் பழுப்பாக மாறும், அது இயல்பு. கறுத்துக் கருகிய வாடை அடித்தால் தட்டுகள் தேய்கின்றன என்று பொருள். பால் கலந்த சிரப் பண்டோங்போல வெளிறிக் கலங்கியிருந்தால், ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கலந்துவிட்டது என்று பொருள். அப்போது காரை ஓட்டாமல் நிறுத்திவிட வேண்டும். தண்ணீரில் ஊறினால் தட்டின் நார்ப்பொருள் பெயர்ந்துவிடும்.

தவறான எண்ணெய் ஊற்றிவிட்டார்கள் என்று தெரியவந்தால் என்ன செய்வது? காத்திருக்கக் கூடாது. உடனே இறக்கிவிட்டுச் சரியான எண்ணெயை ஊற்றச் சொல்லுங்கள். அடிமூடியைத் திறந்து இறக்கும்போது முழு எண்ணெயும் வெளியே வராது. பாதியோ அதற்கும் குறைவோதான் வரும். மீதி அந்த எண்ணெய் விசிறிக்குள்ளும் குழாய்களிலும் தங்கிவிடும். ஆகவே சில நாள் ஓட்டிவிட்டு மறுபடியும் இறக்கி ஊற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் இறக்கிய அளவை அளந்து, அதே அளவு ஊற்றுவதுதான் முறை. பழைய கார் வாங்கியவர்களும், முன்பு என்ன ஊற்றினார்கள் என்று தெரியாவிட்டால், நல்ல பொமனிடம் காட்டி இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. மீதமான கியர் எண்ணெயை வீட்டில் வைத்திருந்தால் புட்டியின் பெயர்ச்சீட்டைக் கிழித்துவிடாதீர்கள். தண்ணீர் புட்டியில் மாற்றி வைக்காதீர்கள். ரோஸ் சிரப் என்று பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடக் கூடும். பிரேக் எண்ணெய்க் கிண்ணத்தில் இதை ஊற்றவே கூடாது. பிரேக்கில் உள்ள ரப்பர் ஊதிப் பெருத்து, பிரேக் பிடிக்காமல் போய்விடும். ரப்பரோடு பிறந்து வளர்ந்த நமக்கு, எண்ணெய் பட்டால் ரப்பர் என்னவாகும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நேயர்களே, இன்று பேசியதைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான். எண்ணெயை நிறம் பார்த்து வாங்காதீர்கள். விலை மட்டும் பார்த்தும் வாங்காதீர்கள். கையேட்டில் உள்ள பெயரைப் பார்த்து வாங்குங்கள். அந்தப் பெயரை நோட்டில் எழுதி வையுங்கள். ஊற்றுவதை நின்று பாருங்கள். நாளை ஓய்வு நேரத்தில் காரின் முன்பெட்டியைத் திறந்து அந்தக் கையேடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்தப் பக்கத்தைத் தேடி எடுங்கள்.